இரண்டு ரூபாய் முப்பது காசு

ஆசிரியர் வேலை பார்த்த நம்மில் அட்டைக் காசு வெட்டாத ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நாணயத்தை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, நறுக்கி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஒட்டி, மேலே எண் எழுதி, ஒரு பழைய பவுடர் டப்பாவில் போட்டு வைத்திருப்போம். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, இது எத்தனை பைசா, இதில் எது பெரிது, இதைக் கொடுத்தால் மீதி எவ்வளவு வரும் என்று கேட்டு, பதிவேட்டின் கட்டத்தில் சரியோ தவறோ போடுவோம். ஓய்வு பெறும்வரை நானும் போட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம் ஆசிரியை தன் கைபேசியில் அதே சோதனையைக் காட்டினாள். திரையில் நாணயங்களின் படம் வருகிறது. பிள்ளை விரலால் தொடுகிறது. சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. பிறகு அது தானாகவே எங்கோ போய்ப் பதிவாகிவிடுகிறதாம். "நீங்கள்லாம் எப்படி டீச்சர் செய்வீங்க?" என்று கேட்டாள். அட்டைக் காசைப் பற்றிச் சொன்னேன். அதே சோதனையில் ஒருமுறை நான் பிள்ளையாக உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை. அதை உங்களுக்குத்தான் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. பெயர்கள் வேண்டாம். சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை.

இராஜபாளையத்தில் எங்கள் வீடு ஒரு நூல் ஆலைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான் இரண்டாம் வகுப்பு. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, மேற்கே மலை இருக்கிறதா என்றே தெரியாத நாட்கள். அப்பா மிலிட்டரியில், வடக்கே எங்கோ. மாதம் ஒருமுறை தபால்காரர் வந்து கூடத்து வாசலில் நின்று நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். அம்மா கையெழுத்துப் போடுவாள். அந்த நேரத்தில் நான் அருகில் போகக் கூடாது. காசு நூறு பேர் கை பட்ட அழுக்கு, சின்னப் பிள்ளை தொட்டால் காய்ச்சல் வரும் என்பது அம்மாவின் எண்ணம். கடைக்கு அவளே போவாள். சிலேட்டுக்குச்சிகூட அவளே வாங்கி வருவாள். ஏழு வயதுவரை நான் எந்தக் காசையும் கொடுத்து எதையும் வாங்கியதில்லை.

தொட அனுமதி இருந்தது ஒரே ஒரு காசுக்குத்தான். அப்போது மஞ்சள் நிறத்தில் ஓர் இருபது பைசா வந்திருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் தாமரை. தாமரை இருந்ததால் அது லட்சுமிக் காசு ஆகிவிட்டது. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். கையில் கிடைத்தால் பெண்கள் செலவு செய்ய மாட்டார்கள். அம்மாவும் அதைச் சேர்த்தாள். நூற்றெட்டுச் சேர்ந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் உண்டியலில் போடுவதாக நேர்ந்திருந்தாள். சேர்ந்துவிட்டால் அப்பாவுக்கு லீவு கிடைத்துவிடும் என்பது கணக்கு. அப்பா வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, பித்தளைச் செம்பிலிருந்து காசுகளைத் தட்டில் கொட்டி மஞ்சள் தண்ணீரில் கழுவுவோம். கழுவுவது என் வேலை. எண்ணுவது அம்மாவின் வேலை. ஈரக் காசுகளின் வாடை விரல்களில் மறுநாள்வரை இருக்கும். நூற்றேழில் அது நின்றுபோயிருந்தது. அரசாங்கம் அந்தக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடைக்காரர்களிடம் அம்மா கேட்டுப் பார்த்தாள். எல்லார் வீட்டிலும் பெண்கள் இருந்தார்கள். காசு எங்கிருந்து வெளியே வரும்? நான்கு வெள்ளிக்கிழமைகள் நூற்றேழையே எண்ணினோம். அம்மா வரவரப் பேசாமல் எண்ணினாள்.

அந்த வாரத்தில்தான் பயிற்சி டீச்சர் வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தவர். இருபது வயதுக்குள்தான் இருக்கும். அப்போது எனக்கு அவர் மிகப் பெரியவர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசின் மதிப்பு தெரிகிறதா என்று சோதித்துப் பதிவேடு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பஸ்ஸில் மழையில் நனைந்து வந்தார். காசுகளை ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். விடுதியில் கூடப் படிக்கிறவர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் இரவல் வாங்கியது. திரும்பக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பு டீச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உப்புமா ரவை மூட்டை அடுக்கியிருந்த அறையில் சோதனை. மழைக்கு மூட்டைகளிலிருந்து புளித்த வாடை வந்தது. பாயைப் போட்டு, முன்னால் ஒரு மணைப்பலகை, அதன்மேல் காசுகள். வரிசையில் முதலில் நான்.

"இதெல்லாம் என்ன?"

"காசு."

எட்டணாவைத் தொட்டு, "இது எத்தனை பைசா?" என்றார்.

"பெரிய காசு."

"இது?"

"சதுரக் காசு."

"இது?"

"லட்சுமிக் காசு" என்றேன். அதற்கு மட்டும் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.

அவர் சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு மஞ்சள் காசையும் நாலணாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது பெரிது என்று கேட்டார். மஞ்சளைக் காட்டினேன்.

"ஏன்?"

"இத யாரும் கடையில குடுக்க மாட்டாங்க."

ஒரு பத்துப் பைசாவையும் இரண்டு ஐந்து பைசாவையும் வைத்து எது நிறைய என்றார். இரண்டுதான் நிறைய என்றேன். பத்துப் பைசா கொடுத்து ஐந்து பைசாவுக்குக் குச்சி வாங்கினால் மீதி என்ன வரும் என்றார். "அம்மாதான் வாங்கியாருவா" என்றேன். அவர் கட்டத்தில் ஏதோ ஒரு சொல் எழுதினார். அது என்ன சொல் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்போது வகுப்பு டீச்சர் வாசலில் வந்து கூப்பிட்டார். பயிற்சி டீச்சர் எழுந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். பலகையில் தாமரை மேலே பார்த்துக் கிடந்தது. நான் அதை எடுத்துப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். திருடுகிறேன் என்று நினைத்தேனா என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நினைத்திருக்கிறேன். அது யாரோ ஒருவருடையது என்று தெரியும். முடிச்சை இறுக்கிப் போட்டேனே.

திரும்பி வந்த டீச்சர், முடித்தவர்கள் வெளியே போய்க் கேள்வியைச் சொல்லிவிடக் கூடாது என்று என்னை மூலையில் ரவை மூட்டைமேல் உட்கார வைத்துவிட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

அடுத்தவள் கடலைக்காரம்மாவின் மகள். அவளுடைய அம்மா ஆலை வாசலில் அவித்த கடலை விற்பவர். சாயங்காலம் நாலு மணிச் சங்கு ஊதினால் ஒரே நேரத்தில் இருநூறு முந்நூறு பேர் வெளியே வருவார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மீதிக்காக நின்று காத்திருக்க மாட்டார்கள். அந்தச் செத்த நேரத்துக்குள் பொட்டலம் கொடுத்து, காசு வாங்கி, மீதி கொடுத்தாக வேண்டும். அம்மா பொட்டலம் கட்ட, காசுப் பக்கம் முழுவதும் மகள்தான். தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தால் தெலுங்கிலும் விலை சொல்வாள். வகுப்பில் அவள் பாட்டுச் சொல்ல மாட்டாள், கோலமாவில் எழுத்துப் போடச் சொன்னால் கோணலாகப் போடுவாள். வகுப்பு டீச்சருக்கு அவளைப் பிடிக்காது.

பலகை முன் உட்கார்ந்ததும் டீச்சர் கேட்பதற்கு முன்பே அவள் கண் காசுகள்மேல் ஒருமுறை போய் வந்தது.

"இது?"

"எட்டணா."

"பைசாவில சொல்லு."

"அம்பது."

மீதிக் கேள்விகளை டீச்சர் எனக்கு வைத்ததை விட்டுவிட்டு வேறு காசுகளை வைத்துக் கேட்டார்; கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. இருபத்தைந்து பைசா சேர்த்துக் காட்டு என்றதற்கு மூன்று விதமாகச் சேர்த்துக் காட்டினாள். டீச்சருக்கு உற்சாகமாகிவிட்டது. கடைசிக் கேள்வி, எல்லாம் சரியாகச் சொல்கிற பிள்ளையிடம் மட்டும் கேட்பது போலிருக்கிறது. "சரி, இதில மொத்தம் எவ்வளவு இருக்கு, எண்ணிச் சொல்லு."

அவள் எண்ணவில்லை. "ரெண்டு ரூவா முப்பது காசு."

டீச்சரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "தப்பு. அவசரப்படாம எண்ணு."

இந்த முறை விரலை வைத்து நகர்த்தி எண்ணினாள். "ரெண்டு ரூவா முப்பது."

"இதில ரெண்டரை ரூபா இருக்கு. நான் எண்ணித்தான் வச்சேன்."

"இருந்திருக்கும் டீச்சர். இப்ப இல்ல."

டீச்சர் முதலில் பதிவேட்டில் தவறு போட்டார். அதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் காசை எண்ணினார். இரண்டாவது முறையும் எண்ணினார். பாயைத் தூக்கினார், பலகையைப் புரட்டினார். அவர் காதோரம் சிவந்துபோனது.

"அந்த மஞ்சக் காசு எங்க?"

"நான் வாரப்பவே இங்க இல்ல டீச்சர்" என்றாள் அவள்.

வகுப்பு டீச்சர் வந்தார். நடந்ததைக் கேட்டார். அறையில் பிள்ளைகள் இரண்டே பேர். வகுப்பு டீச்சர் என் பக்கம் திரும்பினார். என் கை தானாகப் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டது. அப்போது பயிற்சி டீச்சர்தான் சொன்னார்: "அந்தப் பிள்ளையா இருக்காது டீச்சர். அதுக்குக் காசே தெரியல. ரெண்டு அஞ்சு பைசாவும் ஒரு பத்துப் பைசாவும் ஒண்ணுன்னு தெரியல. இருபது பைசாவ எடுத்து என்ன செய்யும்?"

"அதுவும் சரிதான். அது பாவம், மிலிட்டரிக்காரர் மக" என்றார் வகுப்பு டீச்சர். "இவ அப்படியில்ல. காசுலயே பெரண்டு வளந்தவ. ஏட்டி, பைய எடு."

பைக்குள் சிலேட்டும் ஒரு துணியும் இருந்தன. பாவாடையை உதறச் சொன்னார்கள், உதறினாள். வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தாள். முதுகில் இரண்டு அடி விழுந்தது. "நான் எடுக்கல" என்று ஒருமுறை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை, அழவும் இல்லை. அழாதது வகுப்பு டீச்சருக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

ஆளனுப்பி அவளுடைய அம்மாவை வரவழைத்தார்கள். தலையில் சும்மாடு வைத்தபடியே, சேலையெல்லாம் கடலை வாடையோடு வந்து நின்றார்.

"எம்மக காசு பாக்காதவளா டீச்சர்? தெனமும் அம்புட்டும் அவ கைவழியாத்தான போவுது. ஒரு காசு கொறஞ்சதில்ல."

"அதத்தாம்மா நாங்களும் சொல்றோம். காசு தெரிஞ்ச கை" என்றார் வகுப்பு டீச்சர்.

அந்த அம்மா பலகை அருகே வந்தார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து சதுரமான ஐந்து பைசாக் காசுகள் நான்கைப் பலகையில் வைத்தார். "இவ எடுத்திருக்க மாட்டா. ஆனாலும் காசு ஒங்களுது போயிருக்கு. வச்சுக்கிடுங்க." மகளின் பையைத் தான் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். "வாட்டி."

அவள் போகும்போது என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை என்று சொல்ல முடியாது. காசை எண்ணும் முன் பார்த்தாளே, அதே பார்வை.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் முடிச்சை அவிழ்த்து, காசைச் செம்புக்குள் போட்டுவிட்டேன். பின்பு வழக்கம்போல் எல்லாவற்றையும் கழுவினேன். அம்மா எண்ணினாள். நூற்றேழுக்குப் பிறகு தட்டில் இன்னும் ஒன்று இருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மூன்றாம் முறை என்னையும் கூடச் சேர்ந்து எண்ணச் சொன்னாள்.

"நீ போட்டியா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவில்லை. நான் வெளிக்காசு எதையும் தொடாத பிள்ளை. அவளுக்கு அது தோன்றவே இல்லை. "அவளே வந்து போட்டுட்டா" என்று லட்சுமி படத்தைப் பார்த்துக் கையெடுத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் செம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அன்று எங்கள் வீட்டில் பாயசம்.

அடுத்த புதன்கிழமை அப்பாவின் கடிதம் வந்தது. லீவு கிடைத்திருந்தது. கடிதத்தில் போட்டிருந்த நாளைப் பார்த்தால், காசு செம்பில் விழுவதற்கு வெகுமுன்பே லீவு கிடைத்துவிட்டிருக்க வேண்டும். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது யாரும் நாளைப் பார்க்கவில்லை. அம்மா கடைசிவரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாளிடம்கூடச் சொன்னாள். நான் அருகில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். பச்சைப் பெட்டி, போர்வை வாடை, ஷேவிங் சோப்பு. வீட்டில் ஒரு ஆண் குரல் கேட்பதே புதிதாக இருந்தது. காசு வந்த கதையை அம்மா சொன்னபோது, "சரி, நல்லது" என்று மட்டும் சொன்னார். நேர்ந்தபடி காசைப் போட ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். உண்டியல் முன் என்னைத் தூக்கிப் பிடித்து, கைப்பிடி கைப்பிடியாக என்னையே போடச் சொன்னார்கள். காசு கீழே விழும் சத்தம் மழைபோல இருந்தது. எது நான் எடுத்தது என்று தேடினேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

வெளியே வந்து, பால்கோவா வாங்க அப்பாவும் அம்மாவும் கடையில் நின்றார்கள். தேர் நிற்கும் பக்கம் பயிற்சிப் பள்ளிப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அதில் அவர் இருந்தார். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடினேன்.

"டீச்சர், மஞ்சக் காச நாந்தான் எடுத்தேன்."

அவருக்கு என்னை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு வரிசையிலிருந்து விலகிக் குனிந்து, "யாரு சொல்லச் சொன்னா? அந்தக் கடலைக்காரப் பிள்ளையா?" என்றார்.

"இல்ல டீச்சர். நாந்தான். நீங்க வாசல்ல பேசிட்டு இருந்தீங்க."

"சரி. இப்ப அந்தக் காசு எங்க?"

"உண்டியல்ல போட்டுட்டோம்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான், ஏளனம் இல்லை. கையிலிருந்த சின்னப் பையைத் திறந்து ஒரு பத்துப் பைசாவையும் மூன்று ஐந்து பைசாவையும் எடுத்து, ஒரு கையில் அதையும் மறு கையில் ஒரு நாலணாவையும் வைத்து நீட்டினார். "இதில எது பெருசு? சொல்லு பாப்போம்."

எனக்கு எப்படியாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. இரண்டும் ஒன்று என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கையில் நாலு காசு இருந்தது, மறு கையில் ஒன்றுதான். நாலு இருந்த கையைக் காட்டினேன்.

"பாத்தியா" என்றார். "ஒனக்கு இன்னும் தெரியல. காசு தெரியாத பிள்ள எப்படிக் காசெடுக்கும்? சிநேகிதிக்காகப் பழிய நீ ஏத்துக்கிட வந்திருக்க. நல்ல பிள்ள." கன்னத்தைத் தட்டிவிட்டு வரிசைக்கு ஓடினார். அவளுக்கும் எனக்கும் சிநேகம் எதுவும் இருக்கவில்லை. வகுப்பில் நாங்கள் பேசிக்கொண்டதுகூட இல்லை.

பிற்பாடு நானும் அதே ஊரில் பயிற்சி படித்தேன். அதே சோதனை எனக்கும் வந்தது. பதிவேட்டுக்கு மாதிரியாக முந்தைய வருடங்களின் பதிவேடுகளைக் காட்டினார்கள். அவருடையது அதில் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் கடைசிக் கட்டத்தில் இரண்டே சொற்கள்தான்: அறிவார், அறியார். என் கட்டத்தில் என்ன இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அவளுடைய கட்டத்தில் அந்தக் கடைசித் தவறு திருத்தப்பட்டதா என்பது தெரியவில்லை. நான் படித்த பள்ளியிலேயே இரண்டு வருடம் வேலை பார்க்க நேர்ந்தபோது பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு. காரணம்: பெற்றோர் விருப்பம். அதற்குள் அவள் கல்யாணமாகிச் செட்டியார்பட்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. போயிருக்கலாம், இருபது நிமிடப் பஸ்தான்.

ஆனால் அந்த மழைக்காலத்தில், கோயிலுக்குப் போய் வந்த மறுநாள், நான் அவளைத் தேடிப் போனேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், அம்மா சமையலில் இருப்பாள், என்னைத் தேட மாட்டார்கள். மூன்றரைக்குப் பள்ளி விட்டதும் நான் நேரே ஆலை வாசலுக்குப் போய்விட்டேன். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. அவள் மட்டும் ஒரு சாக்கு விரிப்பில் கூடைப் பக்கம் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். கூடைமேல் ஈரச்சாக்கு மூடியிருந்தது. ஆவி வந்தது.

"நாந்தான் எடுத்தேன்" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"ரூமுல நம்ம ரெண்டு பேருதான இருந்தோம். நான் எடுக்கல."

இது எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. "அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னேன்ல. நான் எடுக்கலன்னு சொன்னேன்." இன்னொரு கூம்பைச் செருகினாள். "எங்கம்மா இருவது காசு குடுத்துச்சு. வச்சிருக்கியா?"

"இல்ல. உண்டியல்ல போட்டாச்சு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நாளைக்கு அஞ்சு காசு. நாலு நாளு வா. இந்தா, பேப்பர் சுருட்டு."

உட்கார்ந்து சுருட்டினேன். என் கூம்புகள் அடியில் பிரிந்துகொண்டன. அவள் பிரித்துத் திரும்பக் கொடுத்தாள். சங்கு ஊதியது. அவளுடைய அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார். "எங்கூடப் படிச்ச பிள்ள. சும்மா வந்திருக்கு" என்றாள் அவள். பிறகு என் காதருகில், "எங்கம்மாட்டச் சொல்லாத. ஒங்க வீட்டு வாசல்ல வந்து சத்தம் போடும். ஒங்கப்பா வேற வந்திருக்காவ" என்றாள்.

மறுநாள் பேப்பர் வேலை முடிந்ததும் பொட்டலத்தை எடுத்து நீட்டும் வேலை கொடுத்தாள். மூன்றாம் நாள் காசு வாங்கச் சொன்னாள். பஞ்சு ஒட்டிய தலைகளோடு ஆட்கள் நெருக்கியடித்து வந்தார்கள். கைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒருவர் பத்துப் பைசா கொடுத்து ஐந்து பைசாப் பொட்டலம் கேட்டார். நான் விழித்தேன். அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு சதுரக் காசை எடுத்து அவர் கையில் வைத்தாள். "பத்துல அஞ்சு போனா ஒரு சதுரம்" என்றாள் எனக்கு. அடுத்தவர் வந்தார். நாலணா கொடுத்தார். "நாலணான்னா ரெண்டு பத்து, ஒரு சதுரம். சதுரம் பொட்டலத்துக்கு, ரெண்டு பத்தக் குடு." யோசிக்க நேரமே இல்லை. தப்பாகக் கொடுத்தால் வாங்கியவர் அங்கேயே கத்துவார். குறைவாகக் கொடுத்தால் கத்துவார்கள், கூடக் கொடுத்தால் பேசாமல் போய்விடுவார்கள் என்பதையும் அன்றுதான் பார்த்தேன். அப்படி இரண்டு முறை போனது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாளா என்று தெரியவில்லை.

நான்காம் நாள் ஒருவர் எட்டணாவை நீட்டி, "மூணு பொட்டலம், வெரசா" என்றார். மூன்று பத்தும் ஒரு சதுரமும் எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுப் போனார். கத்தவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்த்திருந்தாள். அடுத்த ஆளுக்குப் பொட்டலத்தை நீட்டினாள்.

கூட்டம் கலைந்தது. அவள் சாக்கை உதறினாள். "முடிஞ்சுது. நாளைக்கு வர வேண்டாம்."

"நாளைக்கும் வாரேனே" என்றேன்.

"எதுக்கு?"

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டேன். கூடையின் அடியில் மிஞ்சியதை அவளுடைய அம்மா இரண்டு கையாலும் அள்ளி என் பாவாடையில் போட்டார். "நாலு நாளா ஒத்தாசைக்கு வந்த பிள்ள, வெறுங்கையோடவா போறது? தின்னு தாயி." கடலை சூடாக, உப்பு ஊறி இருந்தது. நான் ஒன்றை உடைத்து வாயில் போட்டேன். இன்னொன்று. அவள் சுருக்குப் பையைக் கட்டிக்கொண்டே என் பாவாடையைப் பார்த்தாள், எண்ணும் முன் பார்க்கும் அதே பார்வை.

அவளுடைய அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அது அஞ்சு காசுக் கடலை. நாளைக்கு வந்து கழிச்சிரு."

மறுநாள் போனேன். அதற்கடுத்த நாளும் ஏதோ ஒரு கணக்கு இருந்தது. அப்பாவின் லீவு முடிந்து, அவர் எங்களையும் வடக்கே கூட்டிக்கொண்டு ரயில் ஏறும்வரை, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு கணக்கை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.